இடப்படாத ஒரு கட்டளை

உயிரைத் தந்தவனுக்கே அதைத் திரும்பப் பெறும் உரிமையும் உண்டு என்ற நம்பிக்கையில், என் தம்பி காலமாகி ஓராண்டு நிறையும் இவ்வேளையில் இவ்வரிகளை எழுதுகிறேன். அவரைப் பற்றி ஊரில் உலவும் ஒரு கதைக்கு மறுமொழி சொல்லும் கடமையும் மூத்தவன் என்ற வகையில் எனக்கு இருக்கிறது. சூறாவளிக் காலத்தில், தங்கைக்குக் கொடுத்த சீதன வீட்டின் மேலிருந்த வஞ்சத்தினால், சொந்தத் தங்கையின் குழந்தையை அவர் மழையில் சாக விட்டார் என்பதே அக்கதை. குழந்தை இறந்தது உண்மை. வஞ்சம் என்பது பொய்.

சாய்ந்தமருதில் எங்கள் வாப்பாவுக்கு நாங்கள் மூவர். மூத்தவன் நான், நடுவில் தம்பி, கடைசியாகத் தங்கை. நான் கல்லூரிப் படிப்பை முடித்து ஆசிரியனாகிய காலத்தில் தம்பி எவரிடமும் கேளாமல் இராணுவத்தில் சேர்ந்தார். எங்கள் பக்கத்தில் எவரும் விரும்பிச் செய்யாத காரியம் அது. "வயலுக்கு வாற கிளிய விரட்டத் தெரியாதவன், நாட்டக் காக்கப் போறானாம்" என்று வாப்பா வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். தம்பி முதல் விடுமுறையில் வந்தபோது அந்தச் சிரிப்பு நின்றது. அவர் உட்கார்ந்த விதமே மாறியிருந்தது.

படிப்படியாக அவர் சார்ஜன்ட் ஆனார். கண்டிப்பானவர் என்பதை நான் மறைக்கப் போவதில்லை. துப்பாக்கியைத் துடைக்காத சிப்பாயை உச்சி வெயிலில் நிறுத்துவார். அவன் நிற்கும் வரை தாமும் எதிரே நிற்பார். தமது ஆட்கள் எல்லோரும் உண்டு முடியாமல் தம் கோப்பையைத் தொடமாட்டார். அதிகாரிகள் மாறிக்கொண்டிருப்பார்கள், அணியை அணியாக வைத்திருப்பது சார்ஜன்ட் ஒருவனே என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். இக்கூற்றின் பாதியை மட்டுமே நான் ஏற்கிறேன். காரணம் பின்னால் வரும்.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி எங்கள் கரையைத் தென்னையும் கூரையுமின்றி ஆக்கியபோது, நிவாரணப் பணிக்கு வந்த அணிகளில் ஒன்று தம்பியினுடையது. அதற்குத் தலைமை தாங்கியவர் பயிற்சி முடித்து வந்து அதிக காலம் ஆகாத ஒரு லெப்டினன்ட். நல்ல குடும்பத்துப் பிள்ளை, மரியாதை தெரிந்தவர், எல்லாவற்றுக்கும் தம்பியின் முகத்தைப் பார்ப்பவர். பள்ளிக்கூட முற்றத்தில் அரிசியும், பால்மாவும், கூரைக்குக் கட்டும் படங்குத் துணியும் பங்கிடப்பட்டன. படங்குதான் மிகக் குறைவு. கைக்குழந்தையுள்ள வீடுகளுக்கு முதலில் என்பது லெப்டினன்டின் உத்தரவு. அணியில் உள்ளவர்களின் உறவினருக்குக் கடைசியில் என்பது தம்பி தமது ஆட்களுக்கு விதித்த விதி. இரண்டும் நியாயமானவை. இரண்டும் ஒரே வீட்டு வாசலில் சந்திக்கும் என்று எவரும் எண்ணவில்லை.

முதலில் அகப்பட்டவர் அணியிலிருந்த அக்கரைப்பற்றைச் சேர்ந்த கோப்ரல் ஒருவர். நற்பிட்டிமுனையில் இருந்த தம் மாமியாருக்கு முறை வருமுன்னரே ஒரு படங்கை அனுப்பிவிட்டார். தம்பி அவரை ஏசவில்லை. அம்மாமியாரின் கூரையில் கட்டியிருந்ததைக் கோப்ரலின் கையாலேயே அவிழ்த்து, தோளில் சுமந்து வந்து, முற்றத்தில் வரிசையாக நின்ற சனங்களின் முன்னால் போட வைத்தார். அந்தக் கிழவி பின்னால் அழுதுகொண்டு வந்தார். ஊர் தம்பியைப் புகழ்ந்தது. அன்று புகழ்ந்தவர்களில் சிலரே பின்னர் வஞ்சக் கதையைக் கட்டியவர்கள் என்பதை இங்கே குறித்து வைக்கிறேன்.

மறுநாள் காலை வரிசையில் எங்கள் தங்கையின் கணவர் நின்றார். தங்கைக்குப் பிள்ளை பிறந்து சில நாட்களே ஆகியிருந்தன. அவர்களுடைய வீடு ஓடில்லாமல் கிடந்தது, மழை விட்டபாடில்லை. பள்ளிவாசலிலும் பள்ளிக்கூடத்திலும் சனம் நெருக்கியடித்து இருமிக்கொண்டிருந்ததால் பச்சைக் குழந்தையை அங்கே கொண்டுபோக அஞ்சினார்கள். நான் வாழ்ந்த என் மனைவியின் வீடும் கூரையற்றே நின்றது. நிவாரணக் குழுவில் ஒருவனாக நான் அம்முற்றத்திலேயே இருந்தேன். ஆகவே நடந்ததைப் பிறர் சொல்லக் கேட்டு எழுதவில்லை.

படங்குகளின் அருகே நின்ற கோப்ரல், தம்பிக்குக் கேட்கும்படியாகச் சொன்னார்:

"இப்ப பாப்பம், சாஜன்ட நீதிய."

மச்சான் தம்பியிடம் தாழ்ந்த குரலில் கதைத்தார். "புள்ள நனையுது, மச்சான். உங்கட தங்கச்சி அதுக்கு மேல குனிஞ்சபடியே இரிக்கா."

"நம்மட ஆக்களுக்குக் கடைசியிலதான், மச்சான். அடுத்த லொறி நாளைக்கு வரும்."

லெப்டினன்ட் இதைக் கவனித்து அருகில் வந்தார். கைக்குழந்தையுள்ள வீட்டுக்கு முதலில் என்பதுதானே தமது உத்தரவு என்று சிங்களத்தில் நினைவூட்டினார். தம்பி விறைத்து நின்று, அந்த உத்தரவை இந்த வீட்டுக்கும் பெயர் குறித்து இடுவதானால் இக்கணமே கொடுப்பதாகவும், தாமாக எடுத்துக் கொடுத்தால் நேற்றுக் கிழவியின் கூரையை அவிழ்க்க வைத்த தமக்கு இனி இவ்வணியில் எவரும் பணியமாட்டார்கள் என்றும் பதில் சொன்னார். ஆட்கள் அனைவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லெப்டினன்ட் அவர்களைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியும், சார்ஜன்ட்" என்று சொல்லிவிட்டு அப்பால் நடந்தார்.

விதியைக் காப்பது சார்ஜன்டின் வேலை. அது எவ்விடத்தில் நிற்க வேண்டும் என்று சொல்வது அதிகாரியின் வேலை. தோளில் நட்சத்திரம் குத்துவது அந்த ஒரு கணத்துக்காகவே. அக்கணத்தில் அவர் தம் பொறுப்பைத் தமக்குக் கீழே இருப்பவரின் தலையில் வைத்துவிட்டுப் போனார். தம்பி மச்சானைப் பின்னுக்கு நிற்கச் சொன்னார்.

பாதையெல்லாம் மரம் விழுந்து கிடந்ததால் மறுநாள் லொறி வரவில்லை. அது வந்தபோது குழந்தையை அடக்கியாயிற்று. பெயர் வைக்கும் ஏழாம் நாளை அது காணவில்லையாதலால் பெயர் வைக்கப்படவில்லை. தங்கையின் பங்குக்கு வந்த படங்கு அதே மடிப்போடு முற்றத்துக்குத் திரும்பி வந்தது. சின்ன அண்ணனாகிய சின்னக் காக்கா தன் வீட்டுப் படியில் கால் வைக்கக் கூடாது என்ற தங்கையின் சொல்லும் அதனோடு வந்தது. அந்தச் சீதன வீட்டின் சுவரும் கதவும் தம்பி விரும்பி அனுப்பிய சம்பளத்தில் எழுந்தவை என்பதை வஞ்சம் பேசுவோர் அறிந்துகொள்ளட்டும். அதற்குப் பிறகு அவர் அவ்வீட்டு வாசலைக் கடக்கும் போதெல்லாம் தெருவின் மறுகரையால் போனார்.

சேவையிலிருந்து ஓய்வு பெற்று வந்த சில காலத்திலேயே சிறுநீரக நோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. கடைசி வாரத்தில் தங்கையை அழைத்துவரச் சொன்னார். நானே போய்க் கேட்டேன். "என்ட முறை இன்னும் வரல்ல, காக்கா. வந்தா வாறன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். அவரை நான் குறை கூறேன்.

ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்த பின் தங்கை வந்து பெண்களோடு உள்ளறையில் இருந்தார். அழவில்லை. மூன்றாம் நாள், அன்றைய லெப்டினன்ட், இன்றைய கப்டன், சாதாரண உடையில் அம்பாறையிலிருந்து வந்தார். போர் மூண்டிருந்த அந்த நாட்களில் இராணுவத்தவர் ஒருவர் இப்பக்கம் வருவது இலகுவானதல்ல, அதை மதிக்கிறேன். சபையிலிருந்தவர்களுக்கு முன்னால், தாம் இட்ட கட்டளை ஒன்றையேனும் இச்சார்ஜன்ட் மீறியதில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து தங்கை கேட்டார்:

"அவரிட்ட ஒண்டு கேளுங்க, காக்கா. அண்டைக்குக் குடு எண்டு இவர் சொல்லியிருந்தா, சின்னக் காக்கா தந்திருப்பாரா?"

சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். கப்டன் தம் கைகளைப் பார்த்தபடியே ஆங்கிலத்தில் பதில் சொன்னார்.

"தந்திருப்பாராம்," என்றேன். "உடனேயாம்."

தங்கை, எவரையும் நோக்காத குரலில் சொன்னார்:

"அப்ப, இவ்வளவு வருசமும் நான் பிழையான ஆளோடதான் கதைக்காம இருந்திரிக்கன்."

நோயில் தம்பியைக் கழுவித் துடைத்துப் பார்த்த அவர் மனைவிக்கும், கல்முனை வைத்தியசாலையின் தாதியருக்கும், கபுறு வெட்டிய நற்பிட்டிமுனைச் சகோதரர்களுக்கும், மையித்துக்குத் தோள் கொடுக்க அக்கரைப்பற்றிலிருந்து வந்திருந்த அந்தக் கோப்ரலுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கப்டன் அவர்களுக்கும் நன்றி: கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லவில்லை. அப்பதிலைத் தம்பி உயிரோடிருக்கையில் வந்து சொல்லியிருக்கலாம். இந்நினைவு மலரைக் கையில் எடுப்போர் தம்பிக்காகவும் பெயரில்லாமல் போன அப்பிள்ளைக்காகவும் துஆச் செய்யுங்கள். அதன் பின், வஞ்சக் கதையை இனியும் சொல்ல நினைப்பவர்கள் என் வீட்டுக்கு வந்து என் முகத்துக்கு நேரே சொல்லட்டும்.