முதலில் குதிகால்

வெல்லாவெளி பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவருக்கு முழங்காலுக்குக் கீழே பொய்க்கால் என்று, அவர் சொல்லும்வரை எனக்குத் தெரியாது. நீளக் காற்சட்டை, துடைத்த சப்பாத்து. போர் முடிகிற காலம். பாலத்து ஆமிச் சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். கால் இழந்தவர்களை இயக்கத்தில் இருந்தவர்கள் என்ற சந்தேகத்தில் பிடித்து வைத்துக்கொண்ட நாட்கள் அவை.

"சுனாமியில தகரம் வெட்டிப் போன கால் தம்பி. சொன்னா ஆர் நம்புற?" என்றார். "நீங்க முன்னுக்கு நடங்க, உங்கட நடையப் பாத்து வாறன். முதல்ல குதிகால், பிறகு பாதம், கடைசியாப் பெருவிரலால உந்தணும். எதிர்க்கை வீசணும். ஒண்டு பிசகினாலும் நொண்டிருவன்."

இறங்கினேன். குதிகாலா, பெருவிரலா? வலது காலோடு வலது கையும் சேர்ந்து போயிற்று. சின்ன வயதிலிருந்து தெரிந்த நடை மறந்தே விட்டது. ஆமிக்காரன் என்னைத்தான் மறித்துக் காற்சட்டையை உயர்த்தச் சொன்னான். அவரோ சந்தைக்குப் போகிறவர்போலக் கைவீசிக் கடந்து போனார்.

பஸ்ஸில் ஏறியதும் கேட்டேன்: "இவ்வளவு வடிவா நடக்கிற உங்களுக்கு என்ட நடை என்னத்துக்கு?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "மன்னிச்சுக்கொள்ளுங்க தம்பி. உங்களுக்குக் காட்ட ரெண்டு கால் இருக்கு."

அது சுனாமியில் போன கால்தானா என்று நான் கேட்கவில்லை. இன்றும் யாராவது பின்னால் வந்தால் என் குதிகால் தடுமாறும்.