கூடை இல்லாத அந்தோனியம்மா

மூன்றாம் நாளே மெழுகுவர்த்தி வந்துவிட்டது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தன் சிலையை ஒரு தரம் பார்த்துவிட்டு வரலாம் என்று பட்டறையிலிருந்து மாத்தளை நகரத்துப் பூங்காவுக்கு நடந்து போன வின்சன்ட், சிலையின் காலடியில் உருகிக் கிடந்த மெழுகைப் பார்த்து, யாரோ பிள்ளைகள் விளையாடியிருப்பார்கள் என்று நினைத்தார். அடுத்த நாள் மூன்று மெழுகுவர்த்தி, ஒரு முழம் மல்லிகை, ஒரு தட்டில் அரலியாப் பூ. தட்டை வைத்துவிட்டுச் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு போன மனிதரைக் கண்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. சனங்கள் இதை மாதா என்று நினைத்துவிட்டார்கள்.

நினைக்காமல் என்ன செய்வார்கள்? தலையில் முக்காடு. இரண்டு கையும் பக்கத்தில் இறங்கி, உள்ளங்கை கொஞ்சம் முன்னுக்குத் திரும்பி இருக்கிறது. பார்வை குனிந்திருக்கிறது. எந்தக் கத்தோலிக்க வீட்டுச் சுவரைப் பார்த்தாலும் மாதா இப்படித்தான் நிற்கிறாள். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போய், மூன்றாவது வாங்கில் உட்கார்ந்து மாதாவை நேருக்கு நேர் பார்க்கிற மனிதருக்கு, ஆறு மாதம் தகரத்தைத் தட்டி வளைத்தும் இது தோன்றவேயில்லை என்றால் அவரை என்ன சொல்வது!

தோன்றாததற்குக் காரணம் உண்டு. அவர் கண்ணுக்கு அது முழுக்க முழுக்க அவருடைய பெண்சாதி அந்தோனியம்மா.

ஐம்பத்திரண்டு வயதில் வின்சன்ட் சிற்பி ஆனதே ஒரு கூத்துத்தான். தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றப் போகும் லொறிகளுக்குப் பின்பெட்டி அடிப்பது அவர் தொழில். மிஞ்சிய தகரத்தில் கொக்கு, எருமை என்று ஏதாவது செய்து பட்டறை வாசலில் வைப்பார். உக்குவளையைச் சேர்ந்த நப்லா என்ற பெண், சிற்பம் படித்து முடித்துவிட்டு, புதியவர்கள் பன்னிரண்டு பேரைச் சேர்த்துப் பூங்காவில் கண்காட்சி வைக்க அலைந்துகொண்டிருந்தாள். அந்த எருமையைக் கண்டு ஸ்கூட்டியை நிறுத்தியவள், "அங்கிள், நீங்களும் ஒன்னு செய்யுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். மற்றப் பதினொரு பேருக்கும் அவர் வயதில் பாதிகூட இல்லை. ஆனாலும் அழைப்பிதழில் அவர் பெயருக்குப் பக்கத்திலும் 'வளரும் சிற்பி' என்றே அச்சடித்திருந்தார்கள்.

"இன்னும் எவ்வளவு வளருவீங்களாம்?" என்று கேட்டாள் அந்தோனியம்மா.

அவளையே செய்யப் போவதாகச் சொன்ன நாளில் மட்டும் அவள் சிரிக்கவில்லை. எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருபத்தாறு வருஷம் கொழுந்து பறித்தவள். கூடைக் கயிறு அழுந்தி அழுந்தி, உச்சந்தலையில் இரண்டு விரல் அகலத்துக்கு முடியே இல்லை. கழுத்து வலி தாங்காமல் வேலையை விட்டு நான்கு வருஷமாகிறது. நாலு பேர் இருக்கிற இடத்தில் இன்றைக்கும் முந்தானையைத் தலையிலிருந்து எடுக்க மாட்டாள்.

"ரெண்டே ரெண்டு காரியம் கேக்குறேன்," என்றாள். "தலைய மூடிருங்க. கூடைய வைக்காதீங்க."

"கூடை இல்லாட்டி கொழுந்து பறிச்சவன்னு எப்புடித் தெரியும்?"

"தெரியாட்டி என்னா? அந்தோனியம்மான்னு தெரிஞ்சாப் போதாதா?"

சரி என்று வாக்குக் கொடுத்தார். அந்திக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு அவள் நிற்கிற நேரத்தைச் செய்தார். கீழே மூன்று மொழியிலும் 'அந்தோனியம்மா' என்று பலகை எழுதி மாட்டினார். அதுவே வினையாகப் போயிற்று. புதிதாக ஒரு புனிதை வந்திருக்கிறாள் என்று ஊருக்குள் கதை கிளம்பிவிட்டது.

கண்காட்சி தொடங்கிய இரண்டாம் கிழமை நப்லா போன் எடுத்தாள்.

"அங்கிள், மாநகர சபையில ஒரே ஒரு சிலைய மட்டும் பூங்காவுலயே நிரந்தரமா வைக்கப் போறாங்க. ஒங்கட சிலையத்தான் எடுத்திருக்காங்க."

வின்சன்ட் போனைக் காதில் வைத்தபடியே கிடந்த பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆனா ஒரு சிக்கல் அங்கிள். பூங்காவக் கோயிலாக்க ஏலாதுன்னு சொல்றாங்க. இன்னைக்கு மெழுகுவர்த்தின்னா நாளைக்கு உண்டியல் வந்துருமாம். கூடை ஒன்னு வச்சு, கொழுந்து பறிக்கிறவங்கன்னு காட்டிட்டா பிரச்சினை இல்ல. இல்லாட்டி வெள்ளிக்கிழமை சிலைய எடுத்துரணும்."

கம்பியை முறுக்கி, கயிறு உட்பட இரண்டு நாளில் கூடையைப் பின்னிவிட்டார். கை வேலையைச் செய்தது, மனம் ஒப்பவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்து விஷயத்தைச் சொன்னார். அந்தோனியம்மா கூடையைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள்.

"அச்சு அசலா இருக்கு. வைங்க. சிலைக்குக் கழுத்தா வலிக்கப் போவுது?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவள் கை தன்பாட்டில் உச்சந்தலைக்குப் போயிற்று. வின்சன்ட் அதைப் பார்த்துவிட்டார். கூடையை வைத்தால் அவளுக்குக் கொடுத்த வாக்குப் போச்சு. வைக்காவிட்டால், இந்த ஊரில் அவளுக்கென்று கிடைத்த ஒரே இடமும் போச்சு. இரண்டில் எதையும் விட அவருக்கு மனமில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அவள், "நானும் வாறேன். ஒரு தரமாவது பார்க்கணுமில்ல" என்றாள். வெட்கப்பட்டு அதுவரை அந்தப் பக்கமே போகாதவள். கூடையை மடியில் வைத்துக்கொண்டு திறீவீலரில் போய் இறங்கினாள்.

சிலைக்கு முன்னால் ஈரப் புல்லில் ஒரு பெண் முழந்தாளிட்டிருந்தாள். "மகள் குவைத்துக்குப் போயி பேச்சு மூச்சு இல்ல தாயே, ரெண்டு மாசமாச்சு" என்று வாய்விட்டு அழுதாள். அந்தோனியம்மா அசையாமல் நின்று கேட்டாள். பிறகு குனிந்து அவள் தோளைத் தொட்டாள்.

"அக்கா, அது மாதா இல்ல. நான்."

அந்தப் பெண் சிலையைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். அதே மூக்கு, அதே முக்காடு.

"நீங்க யாரு?"

"கொழுந்து பறிச்சவ."

"அப்ப நான் மூணு நாளா ஒங்ககிட்டயா கேட்டுக்கிட்டிருந்தேன்?"

"பரவால்ல அக்கா. இப்ப எனக்கும் தெரிஞ்சிருச்சுதானே, நானும் மாதாகிட்ட சொல்றேன். மகள் பேரு என்னா?"

"ரொஷானி," என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுதாள்.

அவளை அனுப்பிவிட்டுத் திரும்பியபோது, நப்லா பிடித்துக்கொண்டிருந்த ஸ்டூலில் வின்சன்ட் ஏறியிருந்தார். கூடைக் கயிற்றைச் சிலையின் தலைக்கு நேரே தூக்கிய கை அங்கேயே நின்றது. கூடை என்றால் தலையில் கயிறு போட்டு முதுகில் தொங்கும். வேறு இடம் யாருக்கும் தோன்றவில்லை.

"இங்க குடுங்க," என்று அந்தோனியம்மா கூடையை வாங்கினாள். சிலையின் காலுக்குப் பக்கத்தில், சீமெந்துக் கட்டின் மேல் வைத்து, கொஞ்சம் தள்ளிச் சரிபார்த்தாள்.

"இதுல வச்சு இறுக்குங்க."

"கீழயா, ஆன்ட்டி?" என்றாள் நப்லா.

"ஆமா மகள். வேலை விட்டாச்சு. எறக்கி வச்சுட்டா."

நப்லா நான்கு போல்ட்டையும் ஸ்பானரையும் வின்சன்டின் கையில் கொடுத்தாள். அதை இறுக்கி முடிக்க, லொறிக்குப் பெட்டி அடிக்கிற அந்த மனிதருக்கு அரைமணி நேரம் பிடித்தது. கண் தெரிந்தால்தானே.