ஈஸ்டருக்கு மறுநாள் மலையேறிய ஜீப்

ஜீப் கவிழ்ந்த செய்தி வந்தபோது நான் கோவில் மைக் செட்டைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் தொடங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு ஆம்ப்ளிஃபயர் கரகரவென்று இரைந்ததால், ஒயரை மாற்றிப் பார்ப்போம் என்று முனைந்திருந்தேன். லூர்து ஓடிவந்தாள். ஜீப் டிரைவர் சின்னப்பனின் மனைவி. செருப்புகூடப் போட்டிருக்கவில்லை.

"உபதேசியாரே, மெட்டு ரோட்டுல வண்டி கவுந்துருச்சாம். இவுக ஓட்டுன வண்டிதேன். யாரு இருக்காக, யாரு இல்லன்னு ஒண்ணும் தெரியல. வாங்க!"

புதிதாக உபதேசியார் பயிற்சிக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்காக என் அனுபவத்தில் ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். மறையுரை தயாரிப்பது, திருமணத் தயாரிப்பு வகுப்பு நடத்துவது எல்லாம் உங்களுக்குப் பாடமாகவே வரும். நான் அந்த ஒரு தவக்காலத்தை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் வேலை

நான் பிறந்தது கெங்குவார்பட்டிப் பக்கம். பெரியகுளத்தில் படித்தேன். உபதேசியாராக அதிக காலம் இருந்தது கம்பத்துக்கு மேற்கே, மலையடியில் இருக்கும் ஒரு கிளைக் கிராமத்தில். பங்குச் சாமியாருக்கு எங்கள் ஊரைப்போலப் பல ஊர்கள் இருந்தன. மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிறுதான் அவரால் பூசைக்கு வர முடியும். மற்ற ஞாயிறுகளில் நான் வாசகம் வாசித்து ஜெபம் நடத்துவேன். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம், திருமண அறிவிப்பு ஓலை வாசிப்பு, மணி அடிப்பது, நோயாளி வீட்டு ஜெபம், சாமியார் வர முடியாதபோது அடக்கச் சடங்கு எல்லாம் என் பொறுப்பு. முதலில் சைக்கிள் இருந்தது. பிறகு பங்கிலிருந்து ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி வாங்கிக் கொடுத்தார்கள். அது ஏற்றத்தில் ஏறாது. இறங்கித் தள்ள வேண்டும்.

ஊரில் பாதிப்பேருக்குக் கேரளத்து ஏலத்தோட்டங்களில் வேலை. விடிவதற்குள் பெண்கள் தூக்குவாளியோடு ஜீப் ஸ்டாண்டில் நிற்பார்கள். ஜீப்பில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஒருத்தி செபமாலை தொடங்க, மற்றவர்கள் பதில் சொல்லிக்கொண்டே மலையேறுவார்கள். அந்தச் சத்தம் எங்கள் வீட்டைக் கடந்து போகும்போதுதான் நான் பாயைச் சுருட்டுவேன். இப்போது ஓய்வுபெற்றுச் சொந்த ஊருக்கே வந்துவிட்டேன். காலையில் அந்தச் சத்தம் இல்லாமல் எழுந்திருப்பது இன்னும் பழகவில்லை.

ஜெபமாலையின் அடக்கம்

அன்று தோட்டத்தில் களை வெட்டு முடிந்து பெண்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். வழியில் கோடை மழை பிடித்திருக்கிறது. ஒரு வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. சின்னப்பன் வண்டியை மலைப்பக்கமாகச் சாய்த்து மோதியிருக்கிறான். பள்ளத்தில் விட்டிருந்தால் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். மோதிய வேகத்தில் வண்டி புரண்டது. பலருக்கு எலும்பு முறிவு. ஜெபமாலை என்ற பெண் மட்டும் அந்த இடத்திலேயே இறந்துபோனாள்.

அவளுக்கு இருபத்தாறு வயது. கோவிலில் பாடுகிறவள். தகப்பன் இல்லாத பிள்ளை. தாய் சவேரியக்காவும் அதே ஜீப்பில்தான் தினமும் போவார். அன்று காய்ச்சல் என்று வீட்டில் படுத்துவிட்டார். 'நீ படும்மா, நான் போயிட்டு வாரேன்' என்று மகள் போயிருக்கிறாள்.

வண்டியைப் பார்த்த இன்ஸ்பெக்டர், பிரேக் பைப் வெடித்திருக்கிறது, ஓட்டியவன் மேல் தப்பில்லை என்றுதான் சொன்னார். ஆனால் அடக்கத்தன்று அதெல்லாம் யார் காதிலும் ஏறவில்லை. சாமியார் குழியை மந்திரித்து ஜெபத்தை முடித்தார். ஒவ்வொருவராகக் குழியில் ஒரு கைப்பிடி மண் போட்டார்கள். தலையில் கட்டோடு சின்னப்பனும் வந்து மண்ணை அள்ளினான். சவேரியக்கா அவனைப் பார்த்துவிட்டார்.

"வண்டில நீயுந்தானேடா இருந்த? நீ மட்டும் எதுக்குடா பொழச்சு வந்த?"

சின்னப்பன் கையிலிருந்த மண்ணைக் குழியில் போடவில்லை. குனிந்து தரையில் வைத்துவிட்டு நடந்தான்.

பூட்டிய கதவு

அன்று வீட்டுக்குள் போனவன் வெளியே வரவில்லை. உள்ளறையில் தாழ் போட்டுக்கொண்டு கிடந்தான். லூர்து தட்டை வைத்தால் பாதி தின்பான். சிலுவைப்பாதைக்கு வரவில்லை. சாமியார் இரண்டு முறை வந்து பார்த்தார். 'சாமி, மன்னிச்சிருங்க, போயிருங்க' என்று உள்ளேயிருந்தே சொல்லிவிட்டான்.

ஜீப்பின் சொந்தக்காரர் கம்பத்து ராவுத்தர். நல்ல மனிதர். காயம்பட்டவர்களை ஆஸ்பத்திரியில் சேர்த்து உடனிருந்தவர் அவர்தான். அவரும் வந்து கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, வண்டி போனா போகுது. அது இரும்பு. எனக்கு இன்னொரு வண்டி நிக்கிது. உன்னய நம்பித்தேன் நிக்கிது. எந்திரிச்சு வாப்பா."

கதவு திறக்கவில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

நான் தினமும் மாலையில் போவேன். கதவுக்கு வெளியே உட்கார்ந்து ஒரு ஜெபம் சொல்வேன். பிறகு ஊர்ச் செய்தி ஏதாவது சொல்வேன். திராட்சை விலை, தண்ணீர் திறந்தது, யார் வீட்டில் பிள்ளை பிறந்தது என்று. சில நாள் அவன் 'ம்' என்பான். பல நாள் அதுவும் இல்லை. ஒருநாள் நான் கிளம்பும்போது லூர்து வாசல்வரை வந்தாள்.

"வீட்டுல பூச்சி மருந்து டப்பா ஒண்ணு இருந்துச்சு, உபதேசியாரே. பக்கத்து வீட்டுல குடுத்து வச்சிட்டேன். ராத்திரி கண்ண மூட முடியல. இவுக மூச்சு விடுறாகளான்னு கேட்டுக்கிட்டே கெடக்கேன்."

நான் சாமியாரிடம் சொன்னேன். தேனியில் மனநல டாக்டரிடம் கூட்டிப்போகலாம் என்றார். அதற்கும் அவன் கதவைத் திறந்தால்தானே?

சவேரியக்கா வீட்டுக்கும் போனேன். அவர் சின்னப்பன் பெயரையே எடுக்கவில்லை. மகளின் பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார். உயிர்த்தெழுதலைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

உயிர்ப்பு ஞாயிறு

ஈஸ்டருக்கு முந்தின நாளான பெரிய சனியன்று சாமியார் பங்குக் கோவிலில் பூசை வைப்பார். எங்களுக்கு ஞாயிறு விடியற்காலைப் பூசை. அதற்காக முதல்நாளே பீடத்தருகில் திரை கட்டி, பின்னால் உயிர்த்த ஆண்டவரின் சிலையை, சுரூபம் என்போம், வைத்துவிடுவோம். 'உன்னதங்களிலே' பாட்டு தொடங்கியதும் திரையை இறக்கி, மணி அடித்து, வெளியே வேட்டுப் போடுவார்கள். சின்னப் பிள்ளைகள் அதற்காகவே தூக்கத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்.

எந்த வருடமும் அந்தப் பாட்டை ஜெபமாலைதான் எடுப்பாள். சாமியார் நிறுத்திய இடத்தில் அவள் குரல் எழும்பும். அந்த வருடம் சாமியார் நிறுத்தினார். ஒருவரும் எடுக்கவில்லை. திரைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற நானே தொடங்கினேன். எனக்குச் சுருதி சேராது. இரண்டாவது வரியில் நின்றுவிட்டேன். பெண்கள் பக்கமிருந்து நாலைந்து குரல் வந்து பாட்டைத் தூக்கிக்கொண்டது. திரையை இறக்கினேன். வேட்டுச் சத்தம் கேட்டது. சவேரியக்கா தூணோரம் நின்றிருந்தார். அவர் பாடவில்லை. சுரூபத்தைப் பார்த்தபடியே இருந்தார்.

நற்செய்தியில் பெண்கள் இயேசுவின் கல்லறைக்குப் போகும் பகுதியைச் சாமியார் வாசித்தார். விடியற்காலையில் பெண்கள் வாசனைப் பொருள்களை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள், வாசலை அடைத்த பெரிய கல்லை யார் புரட்டித் தருவார்கள் என்று பேசிக்கொண்டே போகிறார்கள். போய்ப் பார்த்தால் கல் ஏற்கெனவே புரண்டு கிடக்கிறது. நான் பலமுறை வாசித்த பகுதிதான்.

பூசை முடிந்து எல்லோரும் ஒருவருக்கொருவர் ஈஸ்டர் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மைக் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்த என்னிடம் சவேரியக்கா வந்தார்.

"உபதேசியாரே, அந்தப் பொம்பளையாளுக இருக்காகள்ல, அவுக கெளம்பையில கல்லை யாரு தள்ளுவாகன்னு அவுகளுக்குத் தெரியாதுல்ல?"

"தெரியாதுக்கா. பேசிக்கிட்டே போனாகன்னுதான் இருக்கு."

"தெரியாமத்தேன் போயிருக்காக."

பிறகு முந்தானையை இழுத்துச் செருகினார்.

"ஒயரை அப்புறம் சுத்துங்க. என்கூட வாங்க. சின்னப்பன் வீட்டுக்குப் போவோம்."

என்ன நடக்குமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. பின்னாலேயே போனேன்.

எங்களைப் பார்த்ததும் லூர்து முகம் வெளுத்து ஒதுங்கி நின்றாள். சவேரியக்கா நேராக உள்ளறைக் கதவருகே போய்த் தரையில் உட்கார்ந்தார்.

"ஏலே சின்னப்பா. நான் சவேரி வந்திருக்கேன்."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

"அன்னைக்கு நான் கேட்டது நெனப்பிருக்கா? எனக்கு நெனப்பிருக்கு. கோவத்துல வாய் தவறிச் சொல்லிட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன். அன்னைக்கு அதுதேன் எம் மனசுல இருந்துச்சு. இன்னைக்கு அது இல்ல. அதச் சொல்லத்தேன் வந்தேன்."

"ஆத்தா, போயிருங்க. எம் மூஞ்சியில முழிக்காதீக." அழுகிற குரலில் அவன் சொன்னான்.

"போறதுக்கா வந்தேன்? எம் மகள எழுப்புறது ஆண்டவரு பாடுடா. அத அவரு பாத்துக்கிடுவாரு. அது எங்கையில இல்ல. நீ இங்கன உசுரோட கெடக்க. உன்னய எழுப்ப நாந்தானே வரணும்? நான் போட்ட கல்லுதானே உம்மேல கெடக்கு?"

லூர்து சேலையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். பிறகு தாழ் விலகும் ஓசை கேட்டது. தாடியும் அழுக்குக் கைலியுமாக அவன் நின்றான். வெளிச்சத்துக்குக் கண் கூசியது. சவேரியக்கா அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"சாப்பிட்டியாடா?"

அவன் தலையை ஆட்டினான். இல்லை.

"லூர்து, என்னத்தா வச்சிருக்க? கொண்டா. நானும் சாப்பிடல."

முந்தின நாள் மீந்த கஞ்சிதான் இருந்தது. அந்த வீட்டில் பண்டிகைக்கு அடுப்பு மூட்டவில்லை. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து குடித்தார்கள். அன்று ஊரெல்லாம் கறிக்குழம்பு வாசனை.

எழும்போது சவேரியக்கா சொன்னார்: "நாளைக்கு வேலை இருக்கு. ராவுத்தர்கிட்டச் சொல்லி வண்டிய எடு. நான் முன் சீட்டுல உக்காருறேன்."

"கை நடுங்குது ஆத்தா."

"நடுங்கட்டும். மெதுவா ஓட்டு."

முதல் ட்ரிப்

திங்கள் காலை நானும் ஸ்டாண்டுக்குப் போனேன். ராவுத்தர் விடியுமுன்பே தம் இரண்டாவது ஜீப்பைக் கொண்டுவந்து, பிரேக்கைத் தாமே பலமுறை மிதித்துப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். சின்னப்பன் முகம் மழித்து வந்திருந்தான். பெண்கள் தள்ளி நின்றார்கள். ஒருவரும் கிட்டே வரவில்லை. சவேரியக்கா தூக்குவாளியோடு போய் முன் சீட்டில் ஏறினார். பிறகு ஒருத்தி, அடுத்து ஒருத்தி. இரண்டு பேர் வேறு ஜீப்பைத் தேடிப் போனார்கள். அவர்கள் கடைசிவரை அவன் வண்டியில் ஏறவே இல்லை. அவர்களையும் குறை சொல்ல முடியாது.

நான் பின்னால் தொற்றிக்கொண்டேன்.

அந்த வளைவு வந்ததும் சின்னப்பன் வண்டியை நிறுத்திவிட்டான். பாறையில் மோதிய தடம் அப்படியே இருந்தது. சவேரியக்கா இறங்கினார். அந்தத் தடத்தைத் தடவினார். தலையைப் பாறையில் சாய்த்து, குலுங்கிக் குலுங்கி அழுதார். அடக்கத்துக்குப் பிறகு அவர் வாய்விட்டு அழுததை அன்றுதான் பார்த்தேன். சின்னப்பனும் இறங்கி அவருக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

பின்னால் வந்த கேரளத்து ஜீப் ஹாரன் அடித்தது. அதன் டிரைவர் தலையை நீட்டி, வண்டி ரிப்பேரா என்று மலையாளத்தில் கேட்டார். "எந்தா சேட்டா, வண்டி கேடாயோ?"

சின்னப்பன் கண்ணைத் துடைத்தான். "ஒண்ணுமில்ல சேட்டா. எடுத்துருவோம்."

சவேரியக்காவைக் கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, முதல் கியரைப் போட்டான். கொஞ்ச தூரம் போனதும் பின் சீட்டில் யாரோ செபமாலையைத் தொடங்கினார்கள்.

பயிற்சிப் பிள்ளைகளுக்கு

சின்னப்பன் பிறகு பல வருடம் அந்த மலையில் ஜீப் ஓட்டினான். தேனிக்கு டாக்டரிடமும் கொஞ்சகாலம் போனான். ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. மழை பெய்தால் வண்டி எடுக்க மாட்டான். அவனுக்கும் லூர்துவுக்கும் ஒரு பையன் பிறந்தான். ஞானஸ்நானத்தன்று ஞானத்தாயாகக் குழந்தையைக் கையில் ஏந்தி நின்றவர் சவேரியக்காதான்.

உயிர்ப்பைப் பற்றி நான் பயிற்சியில் படித்ததெல்லாம் உண்மைதான். இறந்தோர் உயிர்த்தெழுவார்கள் என்று கல்லறையில் நின்று நான் சொன்ன ஒவ்வொரு முறையும் நம்பித்தான் சொன்னேன். ஆனால் அடக்கம் முடிந்து திரும்பும்போது, யார் கடைசியில் தனியாக நிற்கிறார், யார் முன்பாகவே போய்விட்டார் என்று பார்க்க அந்த வருடத்துக்குப் பிறகுதான் பழகினேன். நீங்கள் முதல் அடக்கத்திலிருந்தே பாருங்கள். மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போங்கள். என்ன பேசுவது என்று தெரியாவிட்டாலும் போங்கள்.

போன ஈஸ்டருக்கு அந்த ஊருக்குப் போயிருந்தேன். சவேரியக்காவுக்கு வயதாகிவிட்டது. தோட்ட வேலையை விட்டுவிட்டார். காய்ச்சலில் கிடந்த யாருக்கோ தூக்குவாளியில் கஞ்சி எடுத்துக்கொண்டு தெருவில் வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நின்று நலம் விசாரித்தார். பேச்சுவாக்கில், ஜெபமாலையை நினைத்து அழுகிறது கொஞ்சமாவது குறைந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டேன்.

"கொறையல உபதேசியாரே. எப்பிடிக் கொறையும்? ஆனா அவளப் பாப்பேன். ஆண்டவரு காட்டுவாரு." வாளியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "அதுவரைக்கும் இங்கன இருக்கவுகளப் பாக்கணும்ல?"

கஞ்சி ஆறிவிடும் என்று சொல்லிவிட்டு நடந்தார்.