உரக்கப் படிக்கும் அறை

ஒலிபெருக்கி பழுதானாலும் கடைசி வரிசைவரை கேட்கும் குரல் எனக்கு. பெருமையாகவே சொல்கிறேன், பள்ளிக்காலம் முதல் மேடைமேடையாக ஏறிப் பழக்கிய குரல் அது. ஒருநாள் அதற்கு, ஓசூரில் கல்லூரிப் பேச்சுப் போட்டிகளுக்கு நான் குறிப்பெடுக்கச் செல்லும் நூலகத்திலேயே வேலை வந்தது.

நூலகர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். அன்று ஓர் இளைஞரை என் மேசைக்கு அழைத்து வந்தார். தொரப்பள்ளியிலிருந்து பேருந்தில் வந்திருந்த அவருக்குப் பார்வை இல்லை. அரசுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு வேண்டிய வரலாற்று நூலை வீட்டுக்குக் கொடுக்கும் வழக்கமில்லை. மங்கிய பழைய அச்சை அவருடைய கைப்பேசியோ தப்பும் தவறுமாகப் படித்தது.

“கொஞ்சம் வாசிச்சுக் காட்டுதியாம்மா? நீதான் நல்லாப் பேசுவியே,” என்றார் நூலகர்.

மறுப்பேனா? நிமிர்ந்து அமர்ந்தேன். ஏற்ற இறக்கம் தந்தேன். உரிய இடங்களில் நிறுத்தினேன். நிலவரியைப் பற்றிய பத்திக்கு வேண்டிய சினத்தையும் சேர்த்தேன். இரண்டு பக்கம் பொறுத்துப் பார்த்த இளைஞர் கையை உயர்த்தினார்.

“ஏம்மா, நான் பரீட்சைக்குப் படிக்கிறன். நீ ஓட்டுக் கேக்கறயே.”

அதே நேரம் பின்னால் நாளிதழ் மடிக்கும் ஓசை எழுந்தது. கம்பெனிச் சீருடையில் இருந்த ஒருவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ராத்திரியெல்லாம் மிஷின் சத்தத்துல நின்னுட்டு வர்றன்மா. காதுக்கு ஓய்வுன்னா எனக்கு இந்த எடந்தான். இங்கயும் சத்தமா?”

எழுந்து நின்றேன். மறுப்புரை எனக்குக் கைவந்த கலை. “ஐயா, கண்ணால் படிப்பவருக்கு அமைதி உதவி, காதால் படிப்பவருக்கு அதுவே பூட்டு,” என்று தொடங்கி, வாதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். அவர் முழுவதையும் கேட்டார்.

“நீ சொல்றதெல்லாம் ஞாயந்தான். என் காது வலிக்கறதும் ஞாயந்தானே?”

எதிரணி என் கருத்தை ஒப்புக்கொண்ட பிறகும் முடியாத விவாதத்தை நான் அதுவரை கண்டதில்லை. இளைஞர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். “உடும்மா. அவுரு சொல்றதும் சரி. நான் பஸ்ஸப் புடிக்கறன்.”

அவர் படியிறங்கினால் அந்த நூல் அலமாரியிலேயே இருந்துவிடும். என் வாதங்கள் எவையும் அதை அவரிடம் கொண்டு சேர்க்கப்போவதில்லை.

“எங்க போறீய? உக்காருங்க. ரெண்டு பேரும் என் வாசகருதான,” என்ற நூலகர் சிறுவர் பகுதியின் கதவைத் திறந்தார். பள்ளி விடும்வரை அங்கே யாரும் வருவதில்லை. உள்ளே இருந்தவை எல்லாம் முழங்கால் உயர நாற்காலிகள். சீருடைக்காரரே இரண்டு பெரிய நாற்காலிகளைத் தூக்கி வந்து போட்டார். “இப்ப எவ்ளோ வேணா கத்துங்க. கதவ மட்டும் சாத்திக்கங்க.”

அதன்பின் கல்லூரி முடிந்த மதியங்கள் அங்கே கழிந்தன. இளைஞரின் வீட்டுமொழி தெலுங்கு. ஒவ்வொரு பத்தியையும் தெலுங்கில் தனக்குள் சொல்லிப் பார்ப்பார். அதுவரை நான் காத்திருக்க வேண்டும். கைதட்டலுக்காக நிறுத்திப் பழகிய எனக்கு இந்த நிறுத்தம் புதிது. கன்னடம் பேசும் தொழிற்சாலைப் பெண் ஒருவரும் வந்து அமர்ந்தார். அவருக்குத் தமிழ் புரியும், படிக்கத் தெரியாது.

தேர்வுக்கு முந்தைய வாரம் நூல் முடிந்தது. கதவுக்கு ஓர் அறிவிப்பு எழுதச் சொன்னார் நூலகர். ஓசை நயத்தோடு நான்கு வரிகள் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை அடித்துவிட்டு மூன்றே சொற்களை வைத்துப் பலகை மாட்டினார்.

“இன்னா எழுதியிருக்கு?” என்று கேட்டார் இளைஞர்.

“உரக்கப் படிக்கும் அறை,” என்றேன்.

“இப்பத்தாம்மா ஓட்டுக் கேக்காம படிச்ச.”