சூப்பர்வைசரம்மா டி.வி. பார்க்க வந்த சாயங்காலம்

டி.வி. காமெடியில் பெண்களுக்கு வழி போட்டுக் கொடுத்தவர் என்று என் அத்தையைப் பற்றி இப்போதெல்லாம் எழுதுகிறார்கள். போன மாதம் கேமராவும் மைக்குமாக ஆம்பூர் வரை தேடிக்கொண்டு வந்த ஒரு பையன், "உங்க அத்தை காமெடியை முதல்ல பார்த்தப்ப எப்படி இருந்தது மேடம்?" என்று கேட்டான். பயத்தில் செத்துப் பிழைத்தேன் என்றேன். நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டான். என் முகராசி அப்படி. நான் அழுதால்கூட ஜனங்கள் கைதட்டுவார்கள்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. சென்னைக்குப் போவதற்கு முன் அவளும் அம்மாவும் ஒரே ஷூ கம்பெனியில், மேல்பாகம் தைக்கிற ஹாலில், பக்கத்துப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்தவர்கள். அந்த ஹாலுக்கே ராணி மாதிரி சூப்பர்வைசரம்மா. தைத்ததை எடுத்துக்கொண்டு போய் அவர் மேஜையில் வைக்க வேண்டும். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். தோலை மடக்கிச் சுருக்கம் பார்ப்பார். கட்டைவிரல் நகத்தைத் தையல் மேல் ஓட்டுவார். பிறகு நாக்கை ஒரு சுண்டு சுண்டி, "பாஸ்" என்பார். இல்லையென்றால் "ரிஜெக்ட்" என்று, திரும்பிப் பார்க்காமலே பின்னால் இருக்கும் கூடையில் வீசுவார். குறி தப்பாது. அத்தை தைத்தது பெரும்பாலும் அந்தக் கூடைக்குத்தான் போனது. அவர் வாயால் அத்தை "பாஸ்" என்று கேட்டதே இல்லை என்று அம்மா சொல்வாள். தைக்கிற நேரத்தில் எதிரே உட்கார்ந்து சூப்பர்வைசரம்மாவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தால் தையல் எப்படி நேராகப் போகும்?

சென்னையில் நாடகம், பிறகு டி.வி. அப்போது டி.வி. காமெடியில் பெண்ணுக்கு இருந்தது இரண்டே வேலை. புருஷனைத் துடைப்பத்தால் அடிக்கலாம், அல்லது பேயைப் பார்த்து மயக்கம் போடலாம். அத்தை பல வருஷம் அடித்தாள், விழுந்தாள். கடைசியில் அவளை நடுவில் வைத்தே ஒரு வாரத் தொடர் எடுக்க ஒருவர் சம்மதித்தார். பொம்பளை தனியாக நின்று சிரிக்க வைக்க முடியாது என்று மற்றவர்கள் எல்லாரும் சொன்னார்களாம்.

அது ஒளிபரப்பாவதற்கு முந்தின வாரம் அத்தை ஊருக்கு வந்தாள். வந்தவள் கூடத்தின் நடுவில் நின்று காட்சியை நடித்தே காட்டினாள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையைப் பெண்ணின் அம்மா பரிசோதிக்கிற காட்சி. அத்தை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். மாப்பிள்ளைக்குப் பதிலாக என்னைப் பிடித்து, காதை மடக்கிச் சுருக்கம் பார்த்தாள். சட்டைக் காலரில் நகத்தை ஓட்டினாள். நாக்கைச் சுண்டி, "ரிஜெக்ட்!" என்று மாப்பிள்ளையின் செருப்புக்குப் பதில் என் செருப்பைத் தோளுக்குப் பின்னால் வீசினாள்.

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அவள் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிட்டது.

"இன்னாடி இது? அந்தம்மாவை அப்படியே எடுத்து வெச்சிருக்கியே!"

"பேரைச் சொல்லலையே அண்ணி."

"பேரு எதுக்குடி? ஊரே பாக்குமே. இந்த மாசம்தான் என்னைப் பர்மனென்ட் பண்றதா இருக்காங்க. அந்தம்மா ஒரு வார்த்தை வேணாம்னா போச்சு. என் பொழப்பைப் பேஜார் பண்ணிட்டியே!"

அத்தைக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் படம் எடுத்து முடிந்துவிட்டது. அன்று ராத்திரியே சென்னைக்கு பஸ் ஏறிவிட்டாள். அவள் ஏறிப் போனாள். பயம் எங்கள் வீட்டில் இறங்கிக்கொண்டது. சூப்பர்வைசரம்மா வீட்டில் டி.வி. இருக்கிறது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் பார்ப்பாரோ மாட்டாரோ என்று அம்மா அப்பாவைக் கேட்டுக்கொண்டே இருந்தாள், ஏதோ அப்பாவுக்குத் தெரியும் என்பது போல.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பதில் வந்தது. சூப்பர்வைசரம்மாவின் மகள் வந்து வாசலில் நின்றாள். "எங்க ஆன்டெனாவை குரங்கு ஒடச்சிடுச்சு. அம்மா இன்னைக்கு உங்க வீட்லதான் டி.வி. பாக்கப் போறாங்களாம். நடிகை வீடாச்சே!"

அம்மா அவளுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அன்று நான் கடவுளிடம் கேட்டதெல்லாம் கரண்ட் போக வேண்டும் என்பதுதான். எங்கள் தெருவில் கரண்ட் தினமும் போகும், கேட்காமலே போகும். அன்று கேட்டேன், அதனால் போகவில்லை. சாயங்காலம் ஆக ஆக கம்பெனி ஹாலில் வேலை செய்கிற பெண்கள் எல்லாம் வந்து தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். கடைசியாக சூப்பர்வைசரம்மா வந்தார். வீட்டிலிருந்த ஒரே நாற்காலி அவருக்கு. "சமையல் ஆச்சா?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா ஆமாம் என்றும் இல்லை என்றும் சேர்த்துத் தலையாட்டினாள்.

நான் நழுவி மொட்டைமாடிக்கு ஓடினேன். ஆன்டெனாவைத் திருப்பிவிட்டால் படம் போய்விடும், அம்மாவின் வேலை பிழைத்துவிடும். மூன்றாம் வகுப்பு மூளைக்கு எட்டியது அவ்வளவு. கம்பியைக் கட்டிப்பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முறுக்கு முறுக்கினேன்.

கீழிருந்து அப்பா கத்தினார்: "அப்படியே வுட்ரு! சூப்பரா இருக்கு!"

ஆம்பூரிலேயே அன்று எங்கள் வீட்டில்தான் படம் அவ்வளவு தெளிவு. அதுவரை புள்ளி புள்ளியாகத் தெரிந்த அத்தையின் மூக்குத்திகூட அன்று தெரிந்ததாம். நாசவேலைக்குக்கூட நான் லாயக்கில்லை என்பது அன்று நிரூபணமானது.

நான் இறங்கி வந்தபோது அத்தை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள்.

ஹால் பெண்கள் எல்லாருக்கும் அந்த நொடியே தெரிந்துவிட்டது. ஒருத்தியும் சிரிக்கவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். சிலர் தரையைப் பார்த்தார்கள். டி.வி.யில் மாப்பிள்ளையின் காது மடங்கியது, நகம் காலரில் ஓடியது, "ரிஜெக்ட்!" என்று செருப்பு பறந்தது. அவ்வளவு கூட்டத்தில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. நான் அம்மாவின் புடவையைப் பிடித்தேன்.

நாற்காலியிலிருந்து முதலில் ஒரு இருமல் வந்தது. பிறகு அது சிரிப்பாக மாறியது.

"அய்யோ, இது நம்ம மேனேஜர் இல்ல? அப்படியே அந்த மனுஷன்தான்! இல்லடி?"

மேனேஜருக்குக் கண்ணாடியே கிடையாது. ஆனாலும், "ஆமாங்கம்மா, அவரேதாங்கம்மா!" என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்லிவிட்டு, அடக்கி வைத்த சிரிப்பையெல்லாம் கொட்டினார்கள். அம்மாவும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும் வரை. தன்னையே அடையாளம் தெரியாத ஜென்மமா என்று நான்கூட மனசுக்குள் ஒரு குதி குதித்தேன்.

கிளம்பும்போது சூப்பர்வைசரம்மா செருப்பைத் தேடினார். எடுத்துக் கொடுக்க நான் ஓடினேன். குனிந்து மாட்டிக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"உங்க அத்தை வந்தா ஒண்ணு சொல்லு. அவ சோத்தாங்கையில வீசறா. நான் பீச்சாங்கையிலதான் வீசுவேன். அத்தினி நாளு எதுக்க உக்காந்து இன்னா பாத்தா?"

அப்படியென்றால் தெரியும்! எல்லாம் தெரியும்! தெரிந்துகொண்டே சிரிக்கிறவரைவிட பயங்கரமானவர் உண்டா? அம்மாவிடம் சொன்னால் அவள் தாங்க மாட்டாள் என்று நானே விழுங்கிக்கொண்டேன். சாயங்காலம் கம்பெனி வேன் ஹாரன் அடிக்கும்போதெல்லாம், இன்று அம்மா அழுதுகொண்டே இறங்குவாள் என்று வாசலில் நிற்பேன். மாசக் கடைசியில் அம்மா பர்மனென்ட் ஆகி, ஸ்வீட் பொட்டலத்தோடு இறங்கினாள். அப்போதும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. பெரிதாக எதற்கோ காத்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அத்தை வந்ததும் தனியாக இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னேன். அவள் பயப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ என்னை எதிரே உட்கார வைத்து, இடது கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். "எதுக்கால உக்காந்து பார்த்தது! முகம் பாக்குற கண்ணாடி மாதிரி கையை மாத்தி எடுத்துட்டேனே!" அன்று முழுக்க வீட்டிலிருந்த கரண்டியெல்லாம் அவள் இடது கையால் பறந்தது.

சில வாரம் கழித்து டி.வி.யிலும் இடது கையால் வீசினாள். குரங்கு ஒடித்த ஆன்டெனாவைச் சரிசெய்து ரொம்ப நாள் ஆகியும், சூப்பர்வைசரம்மா அன்றும் எங்கள் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு டி.வி.யை உற்றுப் பார்த்தார். நாக்கை ஒரு சுண்டு சுண்டினார். காலடியில் இருந்ததால் எனக்குக் கேட்டது.

"பாஸ்."

அடுத்த முறை அத்தை வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அந்தம்மா "பாஸ்" சொன்னார் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். அத்தை பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்து பின்கட்டுக்குப் போனாள். குழாய் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது. மிளகாய்க் கையைக் கண்ணில் வைத்துக்கொண்டாள் போலிருக்கிறது என்று நினைத்து, நான் துண்டை எடுத்துக்கொண்டு போய்க் கதவோரம் நின்றேன்.