ஸகாத்தைச் சம்பளத்தில் சேர்த்தேன்

கல்முனையில் ஒரு புடவைக் கடையில் பத்தொன்பது வருடம் மெனேஜராக இருந்தேன். மெனேஜர் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். பில் போடுவது, ஸ்டொக் பார்ப்பது, சம்பளத்தாள் அடிப்பது, முதலாளி கோபப்படும்போது முன்னால் நிற்பது, அவ்வளவுதான். கடையில் என்னோடு நான்கு பேர் வேலை செய்தார்கள்.

குறைந்தபட்சச் சம்பளம் கூடியிருக்கிறது என்று வானொலியில் சொன்ன வாரம், முதலாளி என்னைக் கல்லாவுக்கு அருகே கூப்பிட்டார். ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர் என்பதால் அவரை எல்லோரும் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவோம். முகம் கறுத்திருந்தது.

"முனாஸ், சட்டப்படி குடுத்தா ஒராள நிப்பாட்டத்தான் வேணும். புடவைல வெலயக் கூட்ட ஏலாது. அங்கால புதுசாத் தொறந்த ஷோரூமுக்குப் போயிருவாங்க. ஒராளயும் நிப்பாட்டாமச் செய்ய வழி இரிந்தாச் சொல்லு. இல்லாட்டி ஒரு பேர எழுதித் தா."

ஹாஜியார் கெட்டவரல்ல. கரன்ட் பில்லும் கடை வாடகையும் ஏறியது ஏறியபடி நிற்க, வாங்குபவர்கள் இரண்டு சாரிக்குப் பதிலாக ஒன்றோடு போய்க்கொண்டிருந்த காலம் அது. அவருடைய பயம் எனக்குப் புரிந்தது. ஆனால் அந்த நான்கு பேரில் எவருடைய பெயரை எழுத எனக்கு மனம் வரும்? இரண்டு நாள் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் எனக்கு மூளை வேலை செய்தது. அப்படித்தான் அப்போது நினைத்தேன்.

வசதியுள்ளவர் தன் செல்வத்தில் ஒரு பங்கை வருடத்துக்கு ஒரு தடவை ஏழைகளுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். அது ஸகாத். எங்கள் ஊர்க் கடைகளில் நோன்பு மாதத்தில் முதலாளிமார் அதில் ஒரு பகுதியைத் தங்கள் வேலையாட்களுக்கும் கொடுப்பார்கள். ஹாஜியார் தாராளமாகவே கொடுப்பார். அந்தக் காசைப் பன்னிரண்டாகப் பிரித்து, மாதம் மாதம் "விசேட கொடுப்பனவு" என்று சம்பளத்தாளில் போட்டால் சட்டம் கேட்கிற தொகை வந்துவிடும். ஹாஜியாருக்கு மேலதிகச் செலவில்லை. ஒருவரும் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஹாஜியார் என் முதுகில் தட்டினார்.

இந்தக் கொடுப்பனவைச் சம்பள உயர்வாக ஏற்றுக்கொள்கிறேன் என்று ஆளுக்கொரு தாள் அடித்தேன். நோன்பு மாதத்தில் பத்து நாள் கழிந்திருந்தது. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கடையில் சனம் குறைந்த நேரமாகப் பார்த்து நீட்டினேன்.

முதலில் கையொப்பம் வைத்தவர் நலீமா. பாலமுனையிலிருந்து பஸ்ஸில் வருபவர். கடைக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. கணவர் கடலுக்குப் போய் முதுகு அடிபட்டு வீட்டில் இருந்தார். நலீமாவின் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

"வாசிச்சிப் பாருங்க நலீமா."

"காக்கா எழுதினாச் சரியாத்தான் இரிக்கும்" என்றார். காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன். வாசிக்கவில்லை. ஆண்கள் இருவரும் அப்படியே வைத்தார்கள்.

நாலாவது றஹீமா ராத்தா. கணவரை இழந்தவர், என்னைவிட மூத்தவர் என்பதால் எனக்கு ராத்தா, அதாவது அக்கா, கடை தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர். துணி வெட்டும் மேசையில் தாளை வைத்து இரண்டு தரம் வாசித்தார்.

"இது சம்பளமா, ஸகாத்தா?"

"ரெண்டும் ஒண்டுதான் ராத்தா. காசு காசுதானே."

"ஒண்டெண்டா ஏன் புதுசாப் பேப்பர் அடிச்சீங்க?"

நான் பேனாவை நீட்டினேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "ஸகாத்து அல்லாஹ் ஏழைக்கு எண்டு வெச்ச பங்கு. அத ஹாஜியார் எனக்கித்தான் தரவேணும் எண்டில்ல. சம்பளம் அப்பிடியில்ல, அது நான் காலையிலரிந்து நிண்ட காலுக்கு. இதுல நான் கையொப்பம் வெக்கமாட்டன். லேபர் ஒபிஸுக்குப் போகமாட்டன் எண்டும் சொல்லமாட்டன்."

ஹாஜியாரிடம் போய்ச் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ ஃபோனை எடுத்து, மார்க்கம் படித்த பள்ளிவாசல் ஹஸ்ரத்தைக் கூப்பிட்டார். பக்கத்தில் நின்ற எனக்கும் பதில் கேட்டது.

"கூலி உங்கட கடன் ஹாஜியார். கடன ஸகாத்தால அடைக்க ஏலாது. அப்பிடிக் குடுத்தா ஸகாத்து நிறைவேறாது, திரும்பக் குடுக்க வேணும்."

ஃபோனை வைத்தவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நெஞ்சில் குத்துகிறது. லேபர் ஒபிஸைப் பற்றி அவர் அத்தனை பயப்படவில்லை. "என்ட ஸகாத்தயும் பாழாக்கப் பாத்தியே முனாஸ்" என்றார். நான்கு தாளையும் வாங்கிக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

அந்த வருடம் ஸகாத்தும் கொடுத்தார், கூட்டிய சம்பளமும் கொடுத்தார். பெருநாள் வியாபாரம் சுமாராகத்தான் போனது. பெருநாள் முடிந்து மூன்றாம் நாள் திரும்பவும் கல்லாவுக்கு அருகே கூப்பிட்டார்.

"பேர் வேணும்."

அவரே சொன்னார். "றஹீமாவ நிப்பாட்டினா நாளைக்கே லேபர் ஒபிஸில நிப்பா. நலீமா கதைக்க மாட்டா. கடசியா வந்ததும் அவதானே."

வாதாடியிருக்கலாம். இரவு பத்து மணிவரை திறந்து வைக்காமல் எட்டு மணிக்குப் பூட்டினால் கரன்ட் பில்லில் கொஞ்சம் மிஞ்சும் என்று சொல்லியிருக்கலாம். நான் வாங்குவது மற்றவர்களைவிட இரண்டு மடங்கு, அதில் குறையுங்கள் என்றும் சொல்லியிருக்கலாம். அந்த நினைப்பு வந்தது, உண்மை. எனக்கும் இரண்டு பெண்பிள்ளைகள் இருந்தார்கள். வாயைத் திறக்காமல் நலீமாவை நிறுத்தும் கடிதத்தை அடித்தேன். வியாபாரக் குறைவு காரணமாக என்று எழுதினேன்.

சம்பளம் கூடியதால் அந்த வேலை போயிற்று என்று ஹாஜியார் இன்றும் சொல்வார். அது பாதி உண்மை. ஒரு வேலை போக வேண்டி வந்ததற்குச் சம்பளம் காரணம். அது நலீமாவின் வேலையாக இருந்ததற்கு நாங்கள்தான் காரணம். மெனேஜர் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்கிறேன். உங்களை நம்பிக் கையொப்பம் வைப்பவரை லேசான ஆள் என்று மனதில் குறித்துக்கொள்ளாதீர்கள். நான் குறித்துக்கொண்டேன், அதனால்தான் முதலாளி அந்தப் பெயரைச் சொன்னபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை.

அன்று நான் நீட்டியபோது நலீமா அந்தக் கடிதத்தை வாசித்தார். ஒவ்வொரு வரியாக, நிதானமாக வாசித்தார். பிறகு மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"காக்கா, அண்டைக்கு நானும் கையொப்பம் வெக்காம விட்டிரிந்தா, இது எனக்கி வந்திரிக்குமா?"

"தெரியா" என்றேன். எனக்குத் தெரியும்.