வாயில் ஒரு சொட்டும் கூடாது

தையல்காரியின் மகனுக்குப் பாலே எமனாக இருந்தது. குடிக்கும்போதே மூச்சுத் திணறும். பாதிப் பால் நுரையீரலுக்குள் போய்விடும். நெஞ்சு டாக்டர் பாலைக் குறைக்கச் சொன்னார். வயிற்று டாக்டரோ எடை ஏறவில்லை, கூட்டிக் கொடு என்றார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று அல்லாடினாள். கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு டாக்டர்களும், விழுங்கப் பழக்கும் தெரபிஸ்ட் அம்மாவும், நர்ஸும் ஒரே அறையில் உட்கார்ந்து, குழந்தையை நடுவில் கிடத்தி, ஒரே முடிவாகச் சொன்னார்கள்: வயிற்றில் துளையிட்டுக் குழாய் வழியாகத்தான் பால். வாயில் ஒரு சொட்டும் கூடாது.

குழாயில் பால் விட நர்ஸ் சொல்லிக்கொடுத்ததைத் தையல்காரி சட்டென்று பிடித்துக்கொண்டாள். பிள்ளைக்குக் கன்னத்தில் சதை வைத்தது.

அவள் அண்ணி என்று கூப்பிடும் கணவனின் அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. “பொம்மைக்குப் பஞ்சு அடைக்கிற மாதிரி அடைக்கிறா. புள்ள வயித்துல ஓட்டை போட்டவ எல்லாம் ஒரு தாயா?” கணவன் காதில் விழாதது போலச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

ஒரு நாள் தைத்த துணியைக் கடையில் கொடுத்துவிட்டு வந்தாள். குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. அவனை மடியில் வைத்திருந்த அண்ணியின் கையில் பால் புட்டி.

“ஆசையாக் குடிச்சான்டி,” என்றாள் அண்ணி, அப்போதும்.

உயிர் தப்பியது. நுரையீரல் தப்பவில்லை, மூக்கில் ஆக்சிஜன் குழாயும் சேர்ந்துகொண்டது. மறுபடி அதே அறை, அதே நான்கு பேர்.

“வாயில பால் குடுத்தது யாரு?” என்று கேட்டார் நெஞ்சு டாக்டர்.

கணவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்: “இவதான் சார். புள்ள அழுதா இவளுக்குத் தாங்காது.”

“ஐயோ, நான் வீட்டுலயே இல்லைங்க! அண்ணிதான்...” என்று அவளைக் கைகாட்டினாள்.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பரவால்ல டாக்டர். பெத்தவ வயிறு எரியுது, எம்மேல பழி போடுறா. போட்டுட்டுப் போகட்டும்.”

அதற்கப்புறம் தையல்காரியை யார் நம்புவார்கள்? நான்கு பேரும் தணிந்த குரலில் கலந்து பேசினார்கள். குழாயில் பால் ஊற்றும் பொறுப்பு இனி குழந்தையின் அத்தையான அண்ணிக்கு என்று முடிவானது.

நர்ஸ் சொல்லிக்கொடுக்க, அண்ணி சிரிஞ்சை வாங்கி ஒரே அழுத்தாக அழுத்தினாள். குழந்தை முகம் சுளித்தது. தையல்காரியின் கை தானாக நீண்டது.

“நீ தள்ளி நில்லும்மா,” என்றாள் நர்ஸ்.

சுவரோரம் ஒதுங்கினாள். “அழுத்தாதீங்க அண்ணி,” என்று கெஞ்சினாள். “தானா எறங்கட்டும். அவனுக்கு வலிக்கும்.”

அண்ணி நர்ஸைப் பார்த்துச் சிரித்தாள். “இப்ப மட்டும் எல்லாம் தெரியுது பாருங்க.”

ஆனாலும் அழுத்துவதை விட்டாள். பால் மெல்ல இறங்கியது.